சிஸ்டம் அனலிஸ்ட்: புரோகிராமுக்கு முன் கேள்வி கேட்பவர்

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் ரூ.1,000. வந்த விண்ணப்பங்களோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். அரசிடம் உள்ள தரவுகளோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டால்தான் இத்தனையையும் சரிபார்க்க முடியும்.

ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவிடும் குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்பது ஒரு விதி. படிக்க எளிதுதான். ஆனா நெசவாளர் வீட்டில் ஒரே மீட்டரில் ரெண்டு குடும்பம் இருந்தா? இணைப்பு இறந்துபோன தாத்தா பேரிலேயே இருந்தா? இதையெல்லாம் முதலிலேயே கேட்பவர்தான் சிஸ்டம் அனலிஸ்ட்.

இதற்குக் கம்ப்யூட்டர் அறிவு மட்டும் போதாது. தறிக்காரர், இ-சேவை ஊழியர், வருவாய்த் துறை அலுவலர் என எல்லாரிடமும் காது கொடுத்துக் கேட்கணும். கேட்டதைப் புரோகிராமருக்குப் புரியும்படி படிப்படியாக எழுதணும். சிக்கலான உதாரணங்களைக் கொடுத்துச் சோதிக்கணும்.

அப்படியும் சிலர் விடுபடலாம். அதனால்தான் நிராகரிப்புக்கான காரணம் குறுஞ்செய்தியில் அனுப்பப்பட்டது. 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி தரப்பட்டது.

எந்த இணையச் சேவையிலும் தடங்கல் வந்தா, "வேலை செய்யல" என்று மட்டும் புகார் எழுதாதீங்க. எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன வந்தது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு சொல்லுங்க. பிழையைத் தேடுபவருக்கு அதுதான் முதல் தடயம்.