சொம்பால் ஆற்றிய கடல்

சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் வங்கக் கடலை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, தென்சென்னைக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று தொடங்கியது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் வந்துவிட்டது. அடையாறில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரை நான் ஆர்.ஓ.வில் இன்னொரு முறை வடிகட்டி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைத் திரும்பப் போடுகிறேன். என் கடல்மீன் தொட்டி 100 லிட்டர். மூன்றரைக் கிலோ உப்பு.

“கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா ஆகாதா?” என்று கேட்டார் அத்தை.

ஆகாது. அடையாறும் கூவமும் நம் கரையோரத்தில் என்னென்ன கொண்டுவந்து சேர்க்கின்றன என்பது ஊரறிந்தது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கரையோரக் கடலின் உப்பே நீர்த்துப்போகும். குடத்தோடு வரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேறு, வீட்டுக்கு வந்ததும் செத்து அழுகும். சமையல் உப்பும் உதவாது. கடலுப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 85 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தில்தான் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. அந்த மிச்சம் இல்லாத நீரில் நத்தை ஓடு கட்ட முடியாது. அதற்கென்றே கலந்து விற்கும் உப்பைத்தான் வாங்க வேண்டும். கரைத்த நீரில் ஒரு சொட்டை, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்க வேண்டும்.

நீர் தயார் என்றதும் மீனைப் போட்டுவிட முடியாது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. கடல்நீரின் காரத்தன்மையில் அதன் விஷம் இன்னும் ஏறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. இந்த இரண்டு கூட்டமும் பாறையின் துளைகளில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். எனக்கு உறை கிடைக்கவில்லை. ஐந்து வாரம் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவழம் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. 2001இலிருந்து பாறை கட்டும் பவழங்கள் அனைத்தும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். கடற்குதிரையும் அதில் உண்டு. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவழங்கள் பதிவாகியிருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி, மிஞ்சிய பவழங்களும் வெளுத்தன. பவழத்துக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடுவது ஒரு நுண்பாசி; சூடு தாங்காவிட்டால் அந்தப் பாசியைப் பவழமே வெளியே தள்ளிவிடும். அக்னி நட்சத்திரத்தில் குளிரூட்டி இல்லாத என் கூடத்தில் அதை வைத்துக் காப்பாற்றுவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னிடம் இருப்பவை சுட்ட களிமண் பாறைகள், பச்சைக் கடற்பாசி, நான்கு நத்தைகள், ஒரு ஜோடி கோமாளி மீன். இந்த மீனைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். எல்லாமே ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அது செத்தால் அடுத்த ஆண் அந்த இடத்துக்கு வந்து பெண்ணாக மாறும். என் தொட்டியில் பெரியவள் உடைந்த பூந்தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சின்னவன் அவள் எதிரே வந்ததும் பக்கவாட்டில் சாய்ந்து உடலை வெடவெடவென்று உதறுவான். நீதான் பெரியவள், ஒத்துக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள்.

அன்றாட வேலை என்று பார்த்தால் ஒன்றுதான். மின்விசிறிக் காற்றில் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு முதல் இரவிலேயே நின்றது. உப்புநீரில் ஆக்சிஜன் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகவே கரையும். நீர் அசையாவிட்டால் அதுவும் தீர்ந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

அப்போது அன்னா தைன் நினைவுக்கு வந்தார். 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து லண்டன் வீட்டுக்குப் பவழங்களைக் கொண்டுவந்தவர். கடல்நீர் தீர்ந்ததும், இருந்த நீரையே பணிப்பெண்ணைக் கொண்டு திறந்த ஜன்னலருகே பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்ற வைத்தார், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் வரை. பவழங்கள் பிழைத்தன. அந்தப் பணிப்பெண்ணின் கை எப்படி வலித்திருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சொம்பை எடுத்து, தொட்டி நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினேன். மெல்லிய தாரையாக விழும்போது நீரின் மேற்பரப்பு பெருகுகிறது. காற்று நுழைவது அந்த மேற்பரப்பின் வழியாகத்தான். மெழுகுவத்தியோடு வந்து பார்த்த அத்தை, “காபி ஆத்துற மாதிரிதானே? குடு” என்று சொம்பை வாங்கிக்கொண்டார். அவர் ஊற்றினால் தாரை இரண்டடி இறங்கியது, நுரையோடு. விடியும்வரை மாற்றி மாற்றி ஆற்றினோம். பகலில் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்துகொண்டான்.

மின்சாரம் வந்தபோது மொசைக் தரையெங்கும் தெறித்த நீர் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. தொட்டியில் நாலு விரற்கடை குறைந்திருந்தது. வழக்கம்போல நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவன், தரையைப் பார்த்து நின்றேன். இம்முறை உப்பும் சேர்ந்தல்லவா போயிருக்கிறது! குடத்தை இறக்கிவிட்டு, தராசில் உப்பை நிறுக்கத் தொடங்கினேன்.