மூவலூரில் தொடங்கலாம்

காவிரி டெல்டாவின் கல்லூரி மாணவிகள் பலருடைய கைப்பேசிக்கு மாதம் ஒருமுறை வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: ஆயிரம் ரூபாய் வரவு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் தமிழக அரசு தரும் ‘புதுமைப் பெண்’ பணம் அது. திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். அதற்கு முன்பு, 1989 முதல், ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்திலும் அவர் பெயர்தான் இருந்தது. தாசில்தார் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்த அம்மாக்கள் உச்சரித்துப் பழகிய பெயர். அந்த அம்மையார் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார் என்றால், “அப்படியா?” என்றுதான் கேட்கிறார்கள்.

பெண்ணியக் கோட்பாட்டைப் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஒரு பெண் கேட்டால், அந்த நாவலைத்தான் முதலில் கையில் கொடுக்க வேண்டும். பாரிஸும் நியூயார்க்கும் பிறகு வரட்டும்.

‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ 1936இல் வெளிவந்தது. தலைப்பில் உள்ள ‘மைனர்’ தஞ்சை மண்ணில் நன்றாகவே புழங்கிய சொல். சட்டம் சொல்லும் வயது வராத பிள்ளை இல்லை அவர். அப்பன் பாட்டன் சேர்த்த நிலத்தை விற்றுச் சுகபோகத்தில் கரைக்கும் பண்ணை வீட்டு வாரிசு. அந்த மைனர்களையும், அவர்களை நம்பியே பிழைக்கும்படி ஆக்கப்பட்ட தாசி வீடுகளையும் இராமாமிர்தம் உள்ளிருந்து அறிந்தவர். 1883இல் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த அவரை, வறுமை தாங்காத பெற்றோர் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீட்டில் விட்டுவிட்டதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்திலிருந்து வெளியேறித் தன் இசை ஆசிரியரையே மணந்தார். காங்கிரசில் இருந்து, பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் இந்த நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2003இல் வெளியிட்டார்கள்.

நாவலைப் படித்து முடிக்கும்போது ஒரு நெருடல் வரும். தாசிகளை வலை விரிப்பவர்களாகக் காட்டியது நியாயமா? அந்த நெருடலை விட்டுவிடக் கூடாது. கோட்பாடு தொடங்குகிற இடமே அதுதான்.

ஏனென்றால் மூவலூர் இருக்கும் அதே காவிரிக் கரையில் சற்று மேற்கே, திருவையாற்றில், இராமாமிர்தத்துக்கு நேர் எதிரான பக்கத்தில் நின்ற ஒரு பெண் இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் தாசி மரபில் வந்த இசைக் கலைஞர். தியாகராஜருக்குத் தன் சொந்தப் பணத்தில் சமாதிக் கோயில் கட்டியவர். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றபோது பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்திக் காட்டியவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்பை முன்னெடுத்தபோது, நாகரத்தினம்மாளும் மற்ற கலைஞர்களும் சங்கமாகக் கூடி எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். பெண்ணைத் தத்தெடுக்கவும், சொத்தை மகளுக்கு எழுதி வைக்கவும், படிக்கவும் பாடவும் அன்றைய குடும்பப் பெண்களுக்கு இல்லாத உரிமை தாசிகளுக்கு இருந்தது. அது பறிபோகும் என்பது அவர்கள் கவலை. அந்த வழக்கத்தில் விற்கப்பட்ட சிறுமியாக இராமாமிர்தம் பேசினார். அதே வழக்கத்தில் வித்வாம்சமும் சொத்தும் பெற்றவராக நாகரத்தினம்மாள் பேசினார். 1947இல் சட்டம் வந்து பொட்டுக்கட்டு ஒழிந்தது, ஒழிய வேண்டியதுதான். ஆனால் நாகரத்தினம்மாள் எழுப்பிய கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண், தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற சிருங்காரக் காவியம் பாடினாள். தன் பரம்பரையைப் பாட்டி வழியாகச் சொன்னவள் அவள். பின்னாளில் அந்த நூலை அச்சிட்டவர்கள் ‘ஆபாசம்’ என்று பாடல்களை வெட்டினார்கள். மூலச்சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் நாகரத்தினம்மாள். ஆண் புலவர்கள் பாடினால் இலக்கியம், பெண் பாடினால் ஆபாசமா என்பது அவர் வாதம். வெள்ளைக்கார அரசு நூலைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்து 1991இல் வெளியிட்ட இந்தியப் பெண் எழுத்துத் தொகுப்பு இந்தக் கதையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. தஞ்சை அரண்மனையில் எழுதப்பட்ட ஒரு நூல் இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடம்.

கதையும் வரலாறும் மனதில் ஊறிய பிறகு பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ படிக்கலாம். பத்தே அத்தியாயம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கற்பு, மறுமணம், சொத்துரிமை, கர்ப்பத்தடை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தர்க்கம் செய்வார். பேராசிரியர் நடை கிடையாது, மேடைப் பேச்சின் வேகம். பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டு ஆனது, நாடு முழுவதற்கும் 2005 வரை ஆனது.

சொத்து என்றால் டெல்டாவில் நிலம். நடவு நேரத்தில் வயலோரம் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். இடது கையில் நாற்றுமுடி, வலது கை விரல்களால் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றி, குனிந்த முதுகு நிமிராமல் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில்.

இந்தச் சேற்றிலிருந்து எழுந்த புத்தகங்கள் ராஜம் கிருஷ்ணனுடையவை. ‘சேற்றில் மனிதர்கள்’ டெல்டாவின் விவசாயக் கூலிகளைப் பற்றியது. ‘பாதையில் பதிந்த அடிகள்’ மணலூர் மணியம்மையின் வாழ்க்கை. திருவாரூர் பக்கத்து பிராமண விதவையான மணியம்மை, கோலம் மாறித் தலைமுடியைக் கிராப்பு வெட்டி, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு பண்ணையாட்களைச் செங்கொடிச் சங்கத்தில் திரட்டினார். 1953இல் மான் முட்டி இறந்துபோனார். ஊர் ஊராக நடந்து, அவரைக் கண்ணால் பார்த்த விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டு ராஜம் கிருஷ்ணன் எழுதினார். அவருடைய நூல்கள் 2009இல் நாட்டுடைமையாகிவிட்டன. பலவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இவற்றைப் படித்தவளுக்கு பீனா அகர்வாலின் ‘எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ கனமாகத் தோன்றாது. எழுதுகிற பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் அறை வேண்டும் என்று 1929இல் வர்ஜீனியா வுல்ஃப் கேட்டார். உழைக்கிற பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வயல் வேண்டும் என்று 1994இல் அகர்வால் கேட்டார். அதற்கு முன்பே, 1981இல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, கீழ்த்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வாங்கிய நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்ய வைத்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

சாதியை விட்டுவிட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட தலித் கூலிக் குடும்பத்தினர் 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். பாமாவின் ‘கருக்கு’, சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, உமா சக்ரவர்த்தி சாதியையும் பெண்ணையும் சேர்த்து ஆராய்ந்த நூல் என்று அந்த வரிசை நீளும். வீட்டுக்குள்ளே பார்க்க அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. சிமோன் தி பூவாவையும் ஜூடித் பட்லரையும் இதற்குப் பின்னால் எடுப்பதே நல்லது. பட்லரில் தொடங்கி, பத்துப் பக்கத்தில் மூடி வைத்து, தனக்கு மூளை போதாது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. குறை அவர்களிடம் இல்லை, வரிசையில்தான்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்பது இன்னும் நல்லது. பெரியாரின் சொத்துரிமை அத்தியாயத்தை அப்படிப் படிக்கிற நாளில், ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பட்டாவை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆத்தாவிடம் அவர் எத்தனை வயதில் நடவுக்குப் போகத் தொடங்கினார் என்று கேட்கலாம்.