கயிலைக்கு நடந்த வாரங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலை அடுத்துள்ள சித்தன்னவாசல் குன்றின் மேற்பகுதியில் அமைந்த இயற்கைக் குகைத்தளத்திற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். சரிவான பாறையில் கால் வைப்பதற்கென்றே வெட்டப்பட்ட 7 குழிகள் அப்பெயருக்குக் காரணம் என்பர். அக்குழிகளில் கால் பதித்துக் குகைக்குள் சென்றவர்கள் சமண முனிவர்கள் என்பதற்கு, தலைமாடு சற்றே உயர்த்திச் செதுக்கப்பட்டிருக்கும் 17 கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றில் பொறிக்கப்பட்டிருக்கும் தமிழ் பிராமி எழுத்துகளும் சான்று. அம்முனிவர்கள் போற்றிய முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் வீடுபேறு அடைந்த இடம் அட்டாபதம் என்பது சமண மரபு. அந்த அட்டாபதத்தைக் கயிலை மலையோடும் அதன் சுற்றுப்புறத்தோடும் பொருத்திப் பார்ப்போர் சமணரிடையே பலர். சைவருக்கோ கயிலையே சிவபெருமானின் இருப்பிடம். இவ்விரு மரபுகளும் ஆழ வேரோடிய புதுக்கோட்டை வட்டாரத்திற்கு, திபெத்திய மேட்டுநிலத்தில் 6,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தப் பனிமலை தொலைவில் இருந்தாலும் அந்நியமானதன்று.

தமிழ்நாட்டில் மலையேறி வழிபடும் வழக்கம் புதியதன்று. சதுரகிரி, பர்வதமலை, வெள்ளியங்கிரி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஏராளமானோர் ஏறுகின்றனர். அவை எவ்வளவு கடினமானவையாக இருந்தாலும் ஓரிரு நாளில் ஏறி இறங்கிவிடக்கூடியவை. ஏறுபவர் மூச்சு வாங்கி ஓரிடத்தில் உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் உடல் தேறிவிடும். கயிலை மானசரோவர் யாத்திரை இவற்றினும் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருப்பதே உழைப்பு. கடல் மட்டத்தில் இருப்பதைப் போல ஏறக்குறையப் பாதி அளவே காற்றழுத்தம் இருக்கும் உயரங்களை அந்த வழி கடப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பல வாரம் நீளும் இத்தகைய பயணத்தை வழிகாட்டியும் மருத்துவரும் இல்லாமல் மேற்கொள்ள முடியாது என்பதற்கு முதல் காரணம் இந்தக் காற்றுதான். பாதையின் செங்குத்து அதற்கு அடுத்தபடியே வரும்.

1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இந்தியர்களுக்கு அடைபட்டிருந்த இந்த யாத்திரை 1981இல் மீண்டும் திறக்கப்பட்டது. இந்திய வெளியுறவு அமைச்சகம் விண்ணப்பங்களைப் பெற்று, கணினிக் குலுக்கல் மூலம் யாத்திரிகர்களைத் தேர்ந்தெடுத்து, அணி அணியாக அனுப்பி வருகிறது. ஒவ்வோர் அணியோடும் தொடர்பு அலுவலர் எனப்படும் அரசு அதிகாரி ஒருவர் செல்வார். உத்தராகண்ட் வழியில் தங்குமிடம், உணவு, வழிகாட்டி ஆகிய ஏற்பாடுகள் குமாவோன் மண்டல வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவை. எல்லை வரையிலான பாதுகாப்பும் மருத்துவ உதவியும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பொறுப்பு. சிக்கிமில் உள்ள நாதுலா கணவாய் வழியாக இரண்டாவது பாதை 2015இல் திறக்கப்பட்டது. கணவாய் என்பது மலைத்தொடரில் கடந்து செல்லத்தக்க தாழ்வான பகுதி. தாழ்வு என்பது அங்கே ஒப்பீட்டுச் சொல் மட்டுமே, ஏனெனில் உத்தராகண்ட் வழியில் எல்லையாக உள்ள லிபுலேக் கணவாய் 5,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

பழைய நடைவழி எவ்வாறு அமைந்திருந்தது என்பதை விரிவாக அறிந்துகொள்வது தகும். காளி ஆற்றங்கரையில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள தார்ச்சுலாவை அடுத்து வண்டிப் பாதை முடிந்துவிட, அங்கிருந்து யாத்திரிகர்கள் சிர்க்கா, காலா, புத்தி, குஞ்சி, காலாபானி, நபிதாங் என்று நாளுக்கு ஓர் ஊராக நடந்தனர். காலாவுக்கும் புத்திக்கும் இடையே 4,444 படிகள் என்று பெயர் பெற்ற ஓர் இறக்கம் உண்டு. மழை ஓயாத பருவத்தில், ஒருபுறம் பாறைச் சுவரும் மறுபுறம் நுரைத்தோடும் ஆறுமாக உள்ள அந்த வழுக்குப் படிகளில் இறங்கும்போது எதிரே சுமைக் குதிரைகள் வரும். அப்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதே வழிகாட்டி சொல்லித்தரும் முதல் பாடம், ஏனெனில் சுமையின் ஓர் இடி போதும், ஆள் ஆற்றில் விழுவதற்கு. புத்தியில் சுமார் 2,700 மீட்டர், குஞ்சியில் சுமார் 3,200 மீட்டர், நபிதாங்கில் 4,000 மீட்டருக்கும் மேல் என்று உயரம் நாளுக்கு நாள் அளவாகவே கூடியது. திட்டமிட்டு அமைத்தாலும் இதைவிடப் பொருத்தமான ஏற்றத்தை ஒரு மருத்துவர் வகுத்திருக்க முடியாது.

இவ்வளவு மெதுவாக ஏறியதன் பயனை விளங்கிக்கொள்ள, உயர்மலை நோய் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று மெலிந்த இடத்திற்குத் திடீரென்று போகும் உடல் முதலில் வேகமாக மூச்சுவிட்டும் இதயத்தை விரைவாகத் துடிக்கவைத்தும் ஈடுகட்டப் பார்க்கிறது; சிறுநீரகங்கள் இரத்தத்தின் அமில-காரச் சமநிலையைச் சரிசெய்ய நாட்கள் பிடிக்கும்; சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். அந்த அவகாசம் கொடாமல் ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். உடனே கீழே இறங்குவதே அதற்கு முதன்மையான மருந்து; பிராணவாயு உருளையும் மாத்திரைகளும் இறங்கும் வரை தாங்கிப் பிடிக்க உதவுபவை. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டரைத் தாண்டிக் கூடக்கூடாது என்பதும், இடையிடையே ஒரு நாள் ஒரே உயரத்தில் தங்க வேண்டும் என்பதும் மலைமருத்துவம் வகுத்துள்ள பொதுவிதி.

இதில் வலிமையானவருக்கும் விலக்கு இல்லை. அன்னவாசலில் இருந்து யாத்திரைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் நாள்தோறும் விடியற்காலையில் சித்தன்னவாசல் குன்றில் முதுகுப்பையோடு ஏறி இறங்கினால் கால்தசைகளும் இதயமும் உறுதிப்படும், நெடுநடைக்கு அது இன்றியமையாதது. ஆனால் சமவெளியில் செய்யும் எந்தப் பயிற்சியும் மெலிந்த காற்றுக்கு உடலைப் பழக்குவதில்லை. தம் உடலை நம்பி வேகமாக முன்னே நடக்கும் இளைஞர் படுத்துவிடுவதும், பேச்சு மூச்சு தடைபடாத நடையில் பின்னால் வரும் அறுபது வயதுக்காரர் நலமாக இருப்பதும் மலைவழிகளில் காணக்கூடியவையே. அமைச்சகம் 18 முதல் 70 வயது வரையுள்ளோரையே ஏற்கிறது. உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண் 25க்கு மிகக்கூடாது என்றும் விதித்திருக்கிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். தில்லியில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் தேறியவரும் குஞ்சியில் மறுபடியும் பரிசோதிக்கப்படுவார். அங்கே இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகக் கண்டால் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்படுவார். பல ஆண்டு ஏக்கத்தோடும் சேர்த்துவைத்த பணத்தோடும் அவ்வளவு தூரம் வந்தவருக்கு அந்தச் சொல் எவ்வளவு கசக்கும் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது. ஆயினும் அந்த மருத்துவர் அன்று காப்பது அவருடைய உயிரை.

திரும்பி வருவதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ் மரபிலேயே பெரிய சான்று இருக்கிறது. பெரியபுராணம் கூறும் கயிலைப் பயணங்கள் இரண்டு இங்கே நினைக்கத்தக்கவை. காரைக்கால் அம்மையார் இறைவன் உறையும் மலையில் கால் படலாகாது என்று தலையால் நடந்து சேர்ந்தார். திருநாவுக்கரசரோ காளத்தி, காசி வழியாக வடக்கே நடந்து, பாதம் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், அதுவும் முடியாதபோது புரண்டும் சென்றார். அப்போது முனிவர் வடிவில் வந்த சிவபெருமான் திரும்பிப் போகச் சொன்னபோதும் அவர் இசையவில்லை. பின்னர் இறைவன் பணித்தபடி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தவருக்கு அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. இளமையில் தருமசேனர் என்ற பெயரில் சமண முனிவராக இருந்தவர் அவர் என்பதை, சித்தன்னவாசலை அறிந்த வாசகர் நினைவில் கொள்வார்.

மலை எச்சரிக்கையின்றியும் கொல்லும். 1998 ஆகஸ்ட் 18ஆம் நாள் அதிகாலையில், புத்திக்குச் சற்று முன்னால் காளி ஆற்றங்கரையில் இருந்த மால்பா என்ற சிற்றூர் மீது மலைச்சரிவு விழுந்ததில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுள் ஏறத்தாழ 60 பேர் அன்றிரவு அங்கே தங்கியிருந்த கயிலை யாத்திரிகர்கள், அவர்களுள் ஒடிசி நடனக் கலைஞர் புரொதிமா பேடியும் ஒருவர். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் ஊரார், சுமையாட்கள், குதிரைக்காரர்கள், பாதுகாப்புப் படையினர். யாத்திரை பற்றிய நூல்களும் கட்டுரைகளும் யாத்திரிகரைப் பற்றியே விரிக்கின்றன. கையில் கோலும் முதுகில் சுமையுமாக ஒவ்வோர் அணிக்காகவும் அதே வழியில் திரும்பத் திரும்ப நடந்தவர்களுக்கு அவற்றில் இடம் குறைவு. இந்தப் பயணத்தை இத்தனை ஆண்டு தாங்கியவர்கள் அவர்களே ஆதலால் அக்குறை வருந்தத்தக்கது.

நடைவழிக் காலத்தில் நபிதாங்கில் இருந்து எல்லைக்குச் செல்லும் நாள் பின்னிரவு 2, 3 மணிக்கே தொடங்கியது. காற்றும் பனியும் வெயிலேற வலுக்கும் என்பதால், கைவிளக்குகளின் ஒளியில் வரிசையாக நடந்து காலைப்பொழுதிலேயே லிபுலேக்கை அடைய வேண்டியிருந்தது. முந்தைய அணி திபெத்தில் இருந்து திரும்பும் நாளோடு அடுத்த அணி கடக்கும் நாள் பொருந்துமாறு வகுக்கப்பட்டிருந்ததால், முகம் கறுத்து, உதடு வெடித்து, கண்ணில் நீர் மல்க இறங்கி வருபவர்களும், புத்தம்புதிய காலணிகளோடு மூச்சிரைக்க ஏறி வருபவர்களும் அந்தக் குறுகிய பனிமேட்டில் ஒருவரையொருவர் கடந்து சென்றனர். அப்பால் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். திபெத்தில் பெய்ஜிங் நேரமே நடைமுறை.

தக்லாகோட் வழியாகத் தார்ச்சென்னை அடைந்தபின் கயிலையைச் சுற்றிவரும் நடை சுமார் 52 கிலோமீட்டர்; மூன்று நாள் ஆகும். முதல் நாள் இரவு தேராபுக்கில் மலையின் வடமுகத்தை எதிரே பார்த்தபடி தங்கி, இரண்டாம் நாள் சுமார் 5,600 மீட்டர் உயரமுள்ள தோல்மா லா கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே வண்ணக் கொடித்துணிகள் பாறைகளை மூடிக் கிடக்கும். அப்பால் இறங்கும்போது கீழே பச்சை நிறத்தில் கௌரி குண்டம் என்ற ஏரி தெரியும். காங் ரின்போச்சே, அதாவது பனியின் அரும்பொருள், என்று இம்மலையை அழைக்கும் திபெத்தியர்களில் சிலர் முழு வழியையும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தே கடக்கின்றனர். திபெத்தின் தொன்மையான பான் சமயத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் இடஞ்சுழியாகச் சுற்றுவர். உச்சியில் எவரும் ஏறியதாகச் சான்று இல்லை. ஏறுவதற்கு அனுமதியும் இல்லை.

இன்று இந்தியப் பகுதியின் நடை பெரும்பாலும் மறைந்துவிட்டது. தார்ச்சுலாவை லிபுலேக்கோடு இணைக்கும் சாலை 2020 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. பெருந்தொற்றால் அவ்வாண்டு நின்ற யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கியபோது, லிபுலேக் வழியாக 50 பேர் கொண்ட 5 அணிகளும் நாதுலா வழியாக 10 அணிகளும் அனுப்பப்பட்டன, இரு வழியிலும் பயணம் பெரும்பாலும் வண்டியில்தான். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் எல்லையோர ஊர்களுக்கும் இச்சாலை பெரும் நன்மை. ஆனால் கால்கள் தாமாகவே கொடுத்துவந்த அந்த நாட்களை இனி அட்டவணைதான் வலிந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. குஞ்சியிலும் நபிதாங்கிலும் கூடுதலாகத் தங்கவைப்பதன் காரணம் இதுவே. வேலையின்றி வீணே உட்கார்ந்திருப்பதாகச் சலித்துக்கொள்ளும் யாத்திரிகர், முன்பு ஒரு வாரம் நடந்து பெற்றதையே அந்த நாட்களில் உட்கார்ந்து பெறுகிறார்.

நேபாளம் வழியாகத் தனியார் அழைத்துச் செல்லும் குறும்பயணங்களில் செல்லும் தமிழரும் பலர். விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் ஏறி மிகச் சில நாட்களிலேயே உயரத்தை எட்டும் அவ்வழி, உடலுக்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. வானிலை கெட்டால் திரும்பவும் வழியில்லை. 2018 ஜூலையில் சிமிகோட், ஹில்சா ஆகிய இடங்களிலும் திபெத் பக்கத்திலுமாகச் சுமார் 1,500 இந்தியர்கள் சிக்கித் தவித்தது மறக்கக்கூடியதன்று. யாத்திரை முடித்துத் திரும்பும் தமிழ்நாட்டினருக்கு மாநில அரசின் மானியம் உண்டு என்பதால் சாதாரணக் குடும்பத்தினரும் இன்று இப்பயணத்தை எண்ணிப் பார்க்க முடிகிறது. அவ்வாறு எண்ணுவோர் கட்டணத்தைக் கேட்கும் முன்பே, எந்த உயரத்தில் எத்தனை இரவு தங்கவைப்பார்கள், உடன் மருத்துவர் வருவாரா, நோயுற்றால் கீழே கொண்டுவர என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் கேட்டு, தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பணம் கட்டாமல் இருப்பது நல்லது.

ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறும்போது, ஐயாறப்பர் கோயிலில் கூட்டம் நிரம்பி வழியும். வடக்கே அது அணிகள் எல்லை கடக்கும் பருவம்; நபிதாங் முகாமில் இரண்டாம் இரவைக் கழிப்பவர்கள், விடியுமுன் எழுந்து காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள்.