யாருடைய பெருமிதம், யாருடைய காசு?

பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த 2024 ஆகஸ்டில், தாம்பரம் ரயிலடி டீக்கடையில் நண்பர் ஒருவர் கொதித்தார்: "ஆறு பதக்கம். அதுல தங்கம் ஒண்ணுகூட இல்ல. இதுக்கா நம்ம வரிப்பணம்?" இன்னொருவர், "காசு போடாம பதக்கம் மட்டும் எப்படிய்யா வரும்?" என்றார். எதிரெதிர் வாதங்கள் போலத் தோன்றினாலும் இருவரும் நிற்பது ஒரே இடத்தில்தான் என்று எனக்குப் பட்டது. காசு போட்டால் தேசப் பெருமிதம் கிடைத்தாக வேண்டும். ஒருவருக்குச் சரக்கு வரவில்லை, மற்றவருக்கு முதலீடு போதவில்லை. அவ்வளவே வித்தியாசம்.

முதலில் இந்த 'நம்ம' யார்? வருமான வரி கட்டுபவர்தான் வரி கட்டுகிறார் என்பது நடுத்தர வர்க்கத்தின் கற்பிதம். சோப்பும் செருப்பும் வாங்குகிற எல்லோரும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். தாம்பரத்தில் பரந்த மைதானங்கள் இல்லாமலில்லை. கல்லூரி, ரயில்வே, விமானப்படை என்று அவை சுவர்களுக்குள் இருக்கின்றன. வெளியே இருக்கிற பசங்களுக்கு வற்றிய ஏரிதான் மைதானம். மழை பெய்தால் ஆட்டம் முடிந்தது. அந்தப் பசங்களின் அம்மாக்களும் இந்தப் பெருமிதத்துக்குக் காசு கொடுத்தவர்கள்தான்.

அந்தக் காசு எங்கே போகிறது? ரஷ்யாவில் நடக்கவிருந்து, உக்ரைன் போரால் இடம் மாறிய செஸ் ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்துக்கு வந்தது. மாநில அரசு ஏறத்தாழ 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 டிசம்பரில் உலகச் சாம்பியனான குகேஷுக்கு 5 கோடி பரிசளித்தது. அந்த இளைஞர் மீது எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பரிசு என்பது ஜெயித்த பிறகு வரும் பணம். ஜெயிப்பதற்கு முன்னால் யார் செலவழித்தார்கள் என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. விழாவுக்குச் செய்த செலவு மக்கள் கையில் மிஞ்சியதும் உண்டு. 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் அப்படி மிஞ்சியது. அது பெருமிதத்தின் இலக்கல்ல, உபவிளைவு.

பெருமிதத்தின் தர்க்கம் முழுசாக ஓடினால் என்னவாகும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். 1996இல் அவர்களுக்கு ஒரே ஒரு தங்கம். பிறகு லாட்டரிப் பணத்தைக் கொட்டினார்கள். 2012இல் 29 தங்கம். பதக்க வாய்ப்பு இல்லையென்று 2014இல் கூடைப்பந்துக்கு நிதியை நிறுத்தினார்கள். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நமக்கு சாந்தி சௌந்தரராஜன் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் உடல் ஊர் முழுக்கச் செய்தியானது. தமிழக அரசு 15 லட்சம் கொடுத்தது, உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளில் அவர் மறுபடி சூளை வேலைக்குப் போக நேர்ந்தது. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்க 2016 ஆனது. ஓடும்வரை அது தேசத்தின் உடல். அளவுகோலில் அடங்காதபோது அவளுடைய உடல், அவளுடைய தலைவிதி. தேசம் கைகழுவிக்கொள்கிறது.

அப்படியானால் அரசு ஒதுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்பீர்கள். கூடாது. ஒதுங்கினால் காசுள்ள அப்பாவும் விளம்பரக் கம்பெனியும் வாய்த்த பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள். சாந்திகள் தொடக்கக் கோட்டுக்கே வர முடியாது. ஆக, கொடுக்க வேண்டும். எந்தக் கணக்குத் தலைப்பில் கொடுக்கிறோம் என்பதுதான் பிரச்சினை. பெருமிதம் என்று எழுதினால் பணம் பதக்கத்தைத் தேடிப் போகும். உரிமை என்று எழுதினால் மைதானத்துக்கும் பயிற்சியாளருக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் போகும். தடகள வீரர் அப்போது தேசச் சின்னமல்ல, உழைப்பாளி. தோற்றாலும் மருத்துவமும் ஓய்வூதியமும் தன் உடலின் அந்தரங்கமும் அவருக்கு உண்டு.

2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்தது. எத்தனை பதக்கம் என்று கேட்க நிறையப் பேர் வருவார்கள். ஏரி நிரம்பினால் பசங்க எங்கே ஆடுவாங்க என்று நாம் கேட்போம்.