டிரெய்லர் ஏன் வாலாட்டுகிறது?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லி வட்டாரத்தின் குறுக்கே கிப் ரிவர் சாலை ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர். மாடுகளை ஏற்றிச் செல்வதற்காகப் போடப்பட்ட அந்தச் சாலையில் இன்றும் நெடுந்தூரம் மண்ணும் சரளையும்தான். கடையும் விடுதியும் அரிது. ஆகவே அங்கே போகிறவர்கள் கூடாரம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, பேட்டரி எல்லாவற்றையும் ஒரு சிறு டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். கரடுமுரடான பாதைக்கென்று செய்த டிரெய்லரைக் கடையில் வாங்கினால் விலை அதிகம். அதனால் வீட்டுக் கொட்டகையிலேயே இரும்புச் சட்டம் வெட்டி, வெல்டிங் செய்து தாங்களே கட்டிக்கொள்பவர்கள் அந்நாட்டில் ஏராளம். விதிமுறைகளுக்கு உட்பட்டுச் செய்தால் சட்டமும் தடுப்பதில்லை.

பெர்த்தில் வேலை பார்க்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அப்படி ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, "பின்னால் இடம் இருக்கிறது சார், ஒரு பெட்டி சேர்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் தவறினால் நெடுஞ்சாலையில் காரும் சேர்ந்து கவிழும். இதற்கு நான்காம் படிவ மாணவர் அறிந்த திருப்புத்திறன் கணக்கே போதும்.

ஒரே அச்சில் இரு சக்கரம் உள்ள டிரெய்லர் ஒரு சீசா பலகை போன்றது. அச்சுதான் அதன் நடுத்தாங்கி. முன்முனை காரின் இணைப்புக் குண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மாணவரின் டிரெய்லர், தொட்டித் தண்ணீர் உட்பட, 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து குண்டு வரை 3 மீட்டர். மொத்தப் பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 1,000ஐ 0.3ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 100. அதாவது குண்டின் மேல் 100 கிலோ அழுத்துகிறது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லப்படும் அளவும் ஏறக்குறைய இதுவே.

இப்போது அவர் கேட்ட பெட்டியை வைப்போம். உபரிச் சக்கரம், இரண்டு எரிபொருள் கேன்கள், கருவிகள், எல்லாம் சேர்ந்து 80 கிலோ. இடம், அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால். சீசாவின் மறுபக்கம் ஆள் ஏறியதுபோல், முன்முனையில் இருந்த அழுத்தம் 40 கிலோ குறைந்து 60 ஆகிவிடுகிறது. மொத்த எடையோ 1,080 கிலோ. பத்து சதவிகிதம் ஐந்தரை ஆகிவிட்டது.

அதோடு முடியவில்லை. அவர் தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் கொள்ளும். அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. பயணத்தில் தண்ணீர் தீரத் தீர முன்பக்கம் இலேசாகிறது. தொட்டி காலியானதும் இன்னும் 20 கிலோ போய்விடும். 980 கிலோ வண்டிக்கு முன்முனையில் 40 கிலோதான் மிச்சம்; நான்கு சதவிகிதம். புறப்படும்போது ஒழுங்காக ஓடிய டிரெய்லர் திரும்பி வரும்போது ஆட்டம் காட்டுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

அந்த ஆட்டம் எப்படி வருகிறது? பக்கக் காற்றோ, முந்திச் செல்லும் லோரியோ டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளுகிறது. குண்டை மையமாகக் கொண்டு அதன் பின்புறம் ஊசல்போல் இடமும் வலமும் ஆடுகிறது. மெதுவாகப் போகும்போது டயர்களின் உராய்வு அந்த ஆட்டத்தை இரண்டு மூன்று அசைவுகளில் அடக்கிவிடும். வேகம் கூடக்கூட அடக்கும் திறன் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். காரின் பின்புறத்தையும் இழுத்துப் போட்டுவிடும். முன்முனை இலேசாக இருந்தால் அந்த ஆபத்தான வேகம் தாழ்ந்துவிடுகிறது. 110 கிலோமீட்டரில் வரவேண்டிய ஆட்டம் 80லேயே வந்து நிற்கும். டிரெட்மில் மேல் பொம்மைக் காரையும் சிறு டிரெய்லரையும் ஓடவிட்டு, எடையை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தால் வகுப்பிலேயே இதைக் காட்டலாம். மாணவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள்.

"பின்னால் 80 கிலோ வைத்தால் முன்னாலும் வைத்துச் சமன் செய்யலாமே?" என்று சிலர் கேட்பார்கள். குண்டின் மேல் எடை சரியாகிவிடும், ஆட்டம் சரியாகாது. ரப்பர் தோட்டத்தில் காண்டாக்கம்பில் இரண்டு வாளிப் பால் சுமந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். திரும்பத் தொடங்குவதும் கடினம். திரும்பத் தொடங்கிய வாளிகளை நிறுத்துவதும் கடினம். பாரம் மையத்தைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுழற்சியின் நிலைமம் கூடுகிறது, அதுவும் தூரத்தின் இருமடியில். ஆகவே கனமான பொருள்கள் அச்சை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். மாணவருக்கு நான் எழுதிய பதிலும் அதுவே: பெட்டி வேண்டுமானால் பக்கவாட்டில் சக்கரத்துக்கு அருகே வைக்கவும், பின்னால் நாற்காலிகளும் துணியும் போதும்.

அளந்து பார்க்க வீட்டில் எடை பார்க்கும் தராசே போதும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, இணைப்பு முனைக்கும் தராசுக்கும் நடுவே உறுதியான மரத்துண்டு ஒன்றைச் செங்குத்தாக வையுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருமுறை, காலியாக இருக்கும்போது ஒருமுறை. ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் காலை எரிபொருள் மிதியிலிருந்து எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வரும் டன் கணக்கான எடை காரை முன்னே தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். டிரெய்லரின் பிரேக்கைத் தனியாக இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் அழுத்தலாம். ஆஸ்திரேலிய விதிப்படி, பாரம் உட்பட 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

தார்ச்சாலை முடிந்ததும் வேறு தொல்லை தொடங்கும். நம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார்சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக எழும்பியிருக்கும் மண். ஆஸ்திரேலிய இயற்பியலாளர் கீத் மேதர் சிறு சக்கரத்தை மணல்மேல் வட்டமாக ஓடவிட்டு இதை ஆராய்ந்து 1963இல் எழுதினார். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் சக்கரம் சிறு மேட்டில் துள்ளி, விழும் இடத்தில் மண்ணைத் தள்ளிக் குழி பறிக்கிறது. அடுத்த மேடு பிறக்கிறது. வண்டியின் ஸ்பிரிங்தான் இதற்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் இதே வரிகளைப் போடும் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின.

வரிக்கு வரி 60 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 அடி விழுகிறது. கிப் ரிவர் சாலையில் பாதித் தூரம் மட்டும் இப்படி என்று வைத்தாலும் ஐந்து லட்சம் அடிக்கு மேல். சாமான் ஏற்றும் சாதாரண டிரெய்லரில் பட்டை ஸ்பிரிங் மட்டுமே இருக்கும், அப்சார்பர் இருக்காது. துள்ளும் ஆற்றலை வெப்பமாக மாற்றும் வேலை பட்டைகளின் உராய்வுக்கு விடப்படுகிறது. இந்தச் சாலைக்கு அது பற்றாது. அப்சார்பர் பொருத்துவதும் டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைப்பதும் அவசியம்.

ஐந்து லட்சம் அடியில் இரும்பும் களைத்துப் போகும். காகிதக் கிளிப்பை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல்தான். பெரும்பாலும் விரிசல் விடும் இடம், இழுதண்டு டிரெய்லரின் சட்டகத்துக்குள் நுழையும் முதல் குறுக்குச் சட்டத்தருகே. வளைக்கும் விசை அங்கேதான் குவிகிறது. ஒரு ரப்பர் அழிப்பானை வளைத்துப் பாருங்கள். மேற்புறம் இழுபடும், கீழ்ப்புறம் நசுங்கும், நடுவில் ஒன்றும் ஆகாது. அதனால் இழுதண்டின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் குறுக்கே வெல்டிங் போடுவது விரிசலுக்கு அழைப்பிதழ் வைப்பது மாதிரி. நீளவாக்கில் போடலாம். துளை போட வேண்டுமென்றால் பக்கச்சுவரின் நடுவில் போடலாம். அழகாகத் தெரிய வேண்டுமென்று சுற்றிலும் வெல்டிங் போடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

மின்சாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. காரிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு 7 மீட்டர் கம்பி. போய்வர 14 மீட்டர். அங்கே மோட்டார் கடையில் "6 மில்லிமீட்டர்" என்று விற்கும் கம்பியில் அந்த அளவு பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தது. உள்ளே இருக்கும் செம்பு ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர்தான். அதன் மின்தடை 0.053 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். கார் 14.4 வோல்ட் கொடுத்தால் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.3. பேட்டரி நிறையவே நிறையாது. இரவில் குளிர்பெட்டி நின்றுவிடும், மீனும் இறைச்சியும் கெட்டுவிடும். செம்பு 13.5 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

கடைசியாகப் புழுதி. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், கதவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் செம்புழுதி உள்ளே உறிஞ்சப்படும். அதற்குக் கூரையில் முன்னோக்கிய ஒரு காற்றுவாய் வைத்து, அதில் வடிகட்டி பொருத்துகிறார்கள். ஓடும்போது அது உள்ளே அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிவிடுவதால், இடைவெளி வழியே காற்று வெளியேதான் போகும். மழையிலும் ஆற்றைக் கடக்கும்போதும் மட்டும் அதை மூடிவிட வேண்டும்.