கடற்சேதமும் ‘ஆவரேஜ்’ என்னும் சொல்லும்

தங்காக் நகரம் துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள வணிகர் ஒருவர் இந்தியாவிலிருந்து துணிப்பொதிகளைக் கப்பலில் வரவழைக்கிறார் எனக் கொள்வோம். நடுக்கடலில் கப்பலில் தீப்பற்றுகிறது. நீர் பாய்ச்சித் தீயை அணைக்கின்றனர். அந்நீரால் பிறர் சரக்குகள் பாழாகின்றன. துணிப்பொதிகளோ பழுதின்றித் துறைமுகம் சேர்கின்றன. ஆயினும், ‘ஜெனரல் ஆவரேஜ்’ பங்குக்குப் பிணை அளித்தாலன்றிச் சரக்கை விடுவிக்க இயலாது என்று கப்பல் நிறுவனம் அறிவிக்கிறது. இதனைப் ‘பொதுச் சராசரி’ எனப் பெயர்த்துக் கூறினால் அவ்வணிகருக்கு என்ன விளங்கும்?

இங்கு ‘ஆவரேஜ்’ என்பது சராசரியன்று. பழுது, சேதம் என்னும் பொருளுடைய ‘அவார்’ என்ற அரபுச்சொல், இத்தாலியத் துறைமுகங்களில் ‘அவாரியா’ ஆகி, பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது என்பது சொற்பிறப்பியலார் பலரும் ஏற்கும் கருத்தாகும். கடற்சேதத்தை அனைவரும் விகிதப்படி பகிர்ந்துகொண்ட வழக்கத்திலிருந்தே அதன் கணிதப்பொருள் தோன்றிற்று. பிந்திய பொருளைக் கொண்டு முந்திய பொருளைப் பெயர்த்தலே இங்கு நேரும் பிழை.

இவ்வழக்கம் மிகப் பழையது. அனைவர் நன்மைக்காகக் கடலில் எறிந்த சரக்கின் இழப்பை அனைவருமே ஈடுசெய்ய வேண்டும் என்னும் ரோட்ஸ் தீவின் விதியை, 533ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத்தொகுப்பு போற்றி வைத்துள்ளது. நமக்கு அண்மையிலுள்ள மலாக்காவிலும் இதனை ஒத்த விதி இருந்தது. சுல்தான் மாமுட் ஷா மலாக்காவை ஆண்ட காலத்தில் (1488–1511) நகோடாக்கள் தொகுத்த ‘உண்டாங்-உண்டாங் லாவுட் மலாக்கா’ என்னும் கடற்சட்டம், புயலில் சரக்கை எறிய நேர்ந்தால் சரக்குடையோர் அனைவரையும் கூட்டிக் கலந்து, அவரவர் உடைமையின் அளவுக்கேற்ப எறிய வேண்டும் என்கிறது. கூட்டாமல் எறிந்தால் குற்றம் நகோடாவைச் சாரும். கப்பலில் அரசனுக்கு நிகரான அதிகாரம் பெற்ற நகோடாவும் பொறுப்பிலிருந்து தப்ப இயலவில்லை. தமிழின் கப்பலும் முதலும் ‘காப்பால்’, ‘மோடால்’ என மலாயில் கலந்திருப்பது, நம் வணிகர் இக்கடல்வழிகளில் கொண்டிருந்த தொடர்புக்குச் சான்று.

இன்று இக்கணக்கை யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகள் நெறிப்படுத்துகின்றன. ஓர் எடுத்துக்காட்டு: காக்கப்பட்ட கப்பல், சரக்கு ஆகியவற்றுடன் பொதுநன்மைக்காக இழந்தவற்றின் மதிப்பையும் சேர்த்து 10 கோடி ரிங்கிட், அவ்வாறு இழந்தது 1 கோடி எனில், ஒவ்வொருவர் பங்கும் பத்தில் ஒன்று. 50,000 ரிங்கிட் துணிக்கு 5,000 ரிங்கிட் செலுத்த வேண்டும். சரக்கை இழந்தவரும் தம் பங்கை ஏற்பதால் எவருக்கும் தனி நட்டமோ தனி ஆதாயமோ இல்லை. கப்பலையும் சரக்கையும் மீட்கும் செலவும் இக்கணக்கில் சேரும். 2021 மார்ச்சில், ஜோகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திலிருந்து ராட்டர்டாம் நோக்கிச் சென்ற ‘எவர் கிவன்’ சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியது. அதன் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்ததால், சேதமற்ற சரக்குடையோரும் பங்கு செலுத்தும் நிலைக்கு ஆளாயினர்.

எனினும் இக்கடப்பாட்டிற்கு வரம்புண்டு. பயணம் தொடங்குமுன் கப்பலைக் கடற்பயணத்திற்குத் தகுதியுடையதாக்க உரிய கவனம் செலுத்தத் தவறியதால் இடர் நேர்ந்தது என நிறுவப்பட்டால், சரக்குடையவர் பங்களிக்க மறுக்கலாம். கடற்காப்புறுதி எடுத்தவருக்காகப் பொதுவாகக் காப்புறுதி நிறுவனமே பிணையளிக்கும். எடுக்காதவர் பெரும்பாலும் ரொக்கம் கட்டியே சரக்கைப் பெற வேண்டியிருக்கும்.

ஆதலின் இதனைப் ‘பொதுச் சேதப் பங்கீடு’ என வழங்குதல் தகும். சேதம் எவருடையது, பங்கு எவருக்கு என்பதை அத்தொடரே உணர்த்துகிறது. கையொப்பமிடும் தாளில் உள்ள சொல் விளங்கினால்தான், வணிகர் தம் கடமையை ஏற்கவும் உரிமையைக் கேட்கவும் இயலும்.