கறுப்பாகத் தெரிவதெல்லாம் புற்றுநோயா?

அறுபதைத் தாண்டியவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'புராஸ்டேட் வீக்கம், 45 சிசி' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வீடே கலங்கிப்போகிறது. அந்த 45 எப்படி வந்தது? திரையில் சுரப்பியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளக்கிறார்கள். 4.5, 4, 4.8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி, வந்ததை மறுபடி 0.52-ஆல் பெருக்கினால் 45. சுரப்பி பெருத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை.

திசு எப்படி இருக்கிறது என்று தெரிய, படத்தின் கறுப்பு வெளுப்பைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் கருவி ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறது; எதிரொலி மிகுந்த இடம் வெளுக்கும், குறைந்த இடம் கறுக்கும். ஒரே சீரான திசுவுக்குள் ஒலி தடையின்றிக் கடந்துபோகும். சுவரும் திரவமும் சந்திக்கும் எல்லைகளில்தான் எதிரொலி எழும்.

மலக்குடலை ஒட்டிய வெளி மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் சுரப்பித் திசுவில் சுமார் 70 சதவீதம் இதுதான். உள்ளே மெல்லிய சுவர் கொண்ட நுண்ணிய பைகள், அவற்றில் துளித்துளியாகத் திரவம். எல்லைகள் ஏராளம் என்பதால் எதிரொலியும் ஏராளம். திரையில் அந்த இடம் சீரான வெளிர்சாம்பலாக விழும். முன்பக்கத்திலோ தசையும் நாரும் நெருங்கிக் கிடக்கின்றன, பைகள் கிடையாது. அங்கே எந்த நோயும் இல்லாமலே படம் கறுத்திருக்கும். வயதானால் முடிச்சு முடிச்சாக வீங்குவது, சிறுநீர்த்தாரையைச் சுற்றிய இடைமாற்று மண்டலம். இந்த மண்டலங்களைப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர் ஜான் மெக்நீல்.

புற்றுநோய் பெரும்பாலும் வெளி மண்டலத்தில்தான் தொடங்குகிறது. செல்கள் பெருகி, பைகளின் உள்ளிடத்தை அடைத்துவிடுகின்றன. எல்லைகள் அழிய, எதிரொலி குறைகிறது. வெளிர்சாம்பலுக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டு தெரிகிறது. ஆனால் அழற்சியிலும் அதே கறுப்பு வரும். இன்னொரு பக்கம், புற்றுசெல்கள் பைகளை அழிக்காமல் இடையிடையே ஊடுருவினால் நிறமே மாறாது. சாம்பலோடு சாம்பலாக ஒளிந்துகொள்ளும் இந்த வகைதான் எனக்குக் கவலை தருவது. அதனால்தான் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1989-ல், கறுப்புத் திட்டை மட்டும் குறிவைக்காமல், சுரப்பியின் 6 இடங்களில் முறையாகத் திசு எடுக்கும் வழியை முன்வைத்தார்கள்.

இந்தக் கறுப்பு வெளுப்பெல்லாம் மலக்குடல் வழியாக எடுக்கும் ஸ்கேனில் தெரிவது; வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேன் இந்த நுணுக்கத்தைக் காட்டாது. சுரப்பியின் அளவையும், சிறுநீர் கழித்தபின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் அது நன்றாகச் சொல்லும். ஆகவே 'வீக்கம்' என்ற சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். 'ஸ்கேன் நார்மல்' என்பதை நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைத் தள்ளியும் போடாதீர்கள்.